பட்டு ரவிக்கையைத் துவைக்குமுன் செய்ய வேண்டிய மஞ்சள் சோதனை

பழைய பாணிப் பட்டு ரவிக்கைகளைத் தைத்துத் தருகிறவள் என்பதால், என்னிடம் வருகிறவர்கள் அளவு கொடுத்த கையோடு கேட்பது, இதை எப்படித் துவைப்பது என்பதைத்தான். கொசுவம் பிடித்துப் புடைத்து நிற்கும் பஃப் கையும், கைவிளிம்பில் ஜரிகைக் கரையும், உள்ளே பருத்தி லைனிங்கும் கொண்ட ரவிக்கையை மற்றத் துணிகளோடு வாளியில் ஊறப்போட முடியாது. அதே சமயம், பட்டு என்றாலே டிரை கிளீனிங் என்று முடிவு கட்டிவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் இழையைப் பார்க்க வேண்டும். பருத்தியும் லினனும் தாவர இழைகள். நனைந்தால் அவற்றின் வலு கூடும், சலவைச் சோடா, உவர்மண் போன்றவற்றிலுள்ள காரத்தையும் தாங்கும். உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்துத் துவைத்த பருத்தி வேட்டிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்தது அதனால்தான். பட்டும் கம்பளியும் புரத இழைகள். அவை நனையும்போது வலுவிழக்கின்றன, காரத்தில் அரிபடுகின்றன, பிளீச்சிங் பவுடர் கலந்த நீரிலோ கரைந்தே போகின்றன. ஆகவே பட்டுக்கு எந்தச் சோப்பு என்ற கேள்வியை, அந்தச் சோப்பில் காரம் இருக்கிறதா என்று மாற்றிக் கேட்பதே சரி.

அதற்கு விடை சமையலறையிலேயே இருக்கிறது. வெள்ளைக் கிண்ணத்தில் சிறிது நீர் விட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கலந்து, அதில் நீங்கள் பயன்படுத்தும் சலவைத் தூளில் கொஞ்சத்தைக் கரைத்துப் பாருங்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும் என்பதால், சாதாரணச் சலவைத் தூளில் அந்த நீர் கண்ணெதிரே செங்கல் நிறமாகிவிடும்; பூந்திக்கொட்டைச் சாற்றில் மஞ்சளாகவே நிற்கும். நீர் சிவந்தால் அந்தத் தூள் பட்டுக்கு ஆகாது. ஆனால் புரதக் கறைகளைக் கரைப்பதற்காகச் சில சலவைப் பொருள்களில் சேர்க்கப்படும் என்சைம்களை இந்தச் சோதனை காட்டித்தராது. அவை பட்டின் புரதத்தையும் அரிக்கும் என்பதால், உறையில் என்சைம் என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விருந்தில் சாம்பார் பட்ட இடம் சோப்பு போட்டதும் சிவப்பதும் மஞ்சளில் காரம் படும் இதே வினையால்தான். வினிகர் சில துளி கலந்த நீரில் அலசினால் சிவப்பு மீண்டும் மஞ்சளாகும்.

பூந்திக்கொட்டையின் விதையை நீக்கி, தோலை இரவு முழுதும் ஊறவைத்துப் பிசைந்து, துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். சாறு பழுப்பாக இருப்பதால் வெள்ளை, சந்தன நிறப் பட்டுகளுக்கு அதை நான் தவிர்க்கிறேன். மஞ்சள் சோதனையில் தேறிய மென்மையான ஷாம்புவே அவற்றுக்குப் போதும். நனைப்பதற்கு முன், ஈர வெள்ளைத் துணியை உள்தையல் ஓரத்தில் சற்று நேரம் அழுத்திப் பார்த்து, அதில் சாயம் இறங்கினால் வீட்டில் துவைக்கும் எண்ணத்தைக் கைவிட வேண்டும். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாயமேற்றும்போதே பிடிக்காத சாயத்தைப் பிறகு உப்பு பிடித்து வைக்காது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமான கோர்வைப் புடவைத் துணியில் தைத்தவற்றுக்கு இந்தக் கவனம் இரண்டு நிறத்திலும் வேண்டும். குளிர்ந்த நீரில் கசக்காமல் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். பஃப் கைக்குள் மெல்லிய பருத்தித் துணியைத் திணித்து வைத்தால் கொசுவம் படுத்துவிடாது.

உண்மையில் ரவிக்கைகளைக் கொல்வது வியர்வைதான். டிரை கிளீனிங் திரவம் எண்ணெயைக் கரைக்குமே தவிர, வியர்வையின் உப்பை அவ்வளவாகக் கரைக்காது. அக்குளில் பட்டு வெளிறி, விறைத்து, ஒரு நாள் கிழிகிறது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்கள் பட்டு அங்கிக்கு அடியில் லினன் உள்ளாடை அணிந்து, அதை மட்டும் அடிக்கடி துவைத்து அங்கியைக் காத்தார்கள். அந்த முறையை ஒட்டி, அக்குளில் பிறைவடிவப் பருத்தித் துண்டுகளைப் பெருந்தையலில் இணைத்துத் தருகிறேன். பிரித்துத் துவைத்து மீண்டும் தைத்துக்கொள்ளலாம். லைனிங் துணியை நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுகிறேன். இல்லையென்றால் முதல் அலசலில் அது சுருங்கி, மேலுள்ள பட்டைச் சுருக்கென்று இழுத்துவிடும்.

உடுத்திய ரவிக்கையை உட்புறம் வெளியே திருப்பி நிழலில் காற்றாட விட்டபின்தான் பீரோவில் வைக்க வேண்டும். அசல் ஜரிகையில் வெள்ளி இருப்பதால், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு அது கறுக்கும். மல்மல் துணியில் சுற்றி வைப்பது நல்லது. ஈரத்தைப் பூட்டி வைக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்துருண்டை துணியில் நேரடியாகப் படக் கூடாது. வசம்பைச் சிறு துணிப்பையில் கட்டி அருகில் வைக்கலாம். கஞ்சி போட்ட பருத்தித் துணிகளை இவற்றோடு அடுக்காதீர்கள், அந்தக் கஞ்சியைத் தேடி வெள்ளிமீன் பூச்சி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பை விட்டு வேறிடத்தில் மடித்து வையுங்கள். ஜரிகை இற்றுப்போவது பெரும்பாலும் அந்த மடிப்பில்தான்.