ஆழியத்தின் பெரிய லைன்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 3

ஆழியம் என்ற நாடு என் வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது. கடற்கரை, ஆறுகள், ஊர்கள் எல்லாம் போட்டாயிற்று. இந்த மாதம் அதன் முதல் பெரிய ரயில்பாதை: உப்புமுனைத் துறைமுகத்திலிருந்து மேட்டுநிலத் தலைநகரம் மேலரணுக்கு. முதல் 210 கிலோமீட்டர் வெறும் நெல்வயல். அப்புறம் செம்மலை.

ஜூன் 5

கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம்: மீட்டர் கேஜா, 1,435 மில்லிமீட்டரா? மீட்டர் கேஜ் மலையில் இறுக்கமாக வளையும், செலவும் குறையும். ஆனால் பக்கத்து நாட்டில் நான் ஏற்கெனவே 1,435 போட்டிருக்கிறேன். பெலாரூஸின் பிரெஸ்தில் ரயில் பெட்டிகளைத் தூக்கிச் சக்கரத்தொகுதிகளை மாற்றுகிறார்கள். அங்கே 1,520 முடிந்து 1,435 தொடங்குகிறது. இந்தியா 1992-ல் ஒரே கேஜ் திட்டத்தைத் தொடங்கி, பாதை பாதையாகப் பெயர்த்துப் போட வேண்டியிருந்தது. ஆழியத்து மக்களுக்கு அந்தப் பாடு வேண்டாம். 1,435.

ஜூன் 9

இன்று முழுக்கச் செம்மலைதான். ஏற வேண்டியது 800 மீட்டர். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நேர்த்தூரம் 16 கிலோமீட்டர். நேராகப் போட்டால் 20-க்கு 1 ஏற்றம், அதாவது 20 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். கனமான சரக்கு வண்டிக்கு அது ஆகாது.

சமதளத்தில் ஒரு டன்னை நகர்த்த இரண்டு மூன்று கிலோ விசை போதும். 50-க்கு 1 ஏற்றத்தில் அதோடு இன்னும் 20 கிலோ சேரும். சமவெளிப் பாதை எத்தனை அருமையாக இருந்தாலும், வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பதை இந்த மலைதான் சொல்லும். அதனால்தான் இதற்கு இத்தனை நாள் கொடுக்கிறேன்.

50-க்கு 1 என்றால் 40 கிலோமீட்டர் பாதை வேண்டும். வளைவுகளில் சக்கரம் உராயும், அங்கே ஏற்றத்தைத் தளர்த்த வேண்டும், ஆக 43. மிச்ச நீளத்தை எங்கே சுருட்டி வைப்பது? மும்பை-புணே வழியில் 1863-ல் திறந்த போர் காட் மலைப்பாதையில் 37-க்கு 1 ஏற்றம். வண்டி ஓரிடத்தில் நின்று திசை மாறி ஏறியது. நேரம் போகும். நீலகிரியின் பல் தண்டவாளம் 12-க்கு 1 கூட ஏறும், ஆனால் கனமான சரக்குக்குச் சரிப்படாது. எனக்குப் பிடித்தது சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் மலைப்பாதை வழி: மலைக்குள்ளேயே சுற்றி ஏறும் சுரங்கங்கள். வாசென் ஊர்த் தேவாலயம் ஒரே பயணத்தில் மூன்று உயரங்களில் தெரியும். இலங்கையின் தெமோதரையில் பாதை சுற்றி வந்து ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைகிறது! செம்மலையிலும் அப்படி இரண்டு சுற்று போட்டுவிட்டேன். மீதியை ஒரு பள்ளத்தாக்கின் ஓரமாக இழுத்திருக்கிறேன்.

ஜூன் 14

மலையில் ஒற்றை லைன், நடுவில் எதிரெதிர் வண்டிகள் விலகிப் போக மூன்று கிராசிங் ஸ்டேஷன். ஒவ்வொரு ஸ்டேஷனும் ஏறத்தாழச் சமதளமாக இருக்க வேண்டும், அதனால் நீளம் இன்னும் கூடுகிறது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் 11 கிலோமீட்டர். மணிக்கு 25 வேகத்தில் 26 நிமிடம். எதிர்வண்டி அதுவரை காத்திருக்கும்.

இறக்கத்தில் கேட்ச் சைடிங் கட்டாயம்: கட்டுமீறிய வண்டியைப் பிடிக்கும் கிளைப்பாதை. பாதையைத் திருப்பிவிடும் பாயிண்ட் எப்போதும் ஏறுமுகமான அந்தச் சைடிங் பக்கமே திரும்பியிருக்கும். வண்டி நின்று, கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் மெயின் லைன் கிடைக்கும். பிரேக் பிடிக்காத வண்டி சைடிங்கில் ஏறி வேகம் இழக்கும். இதில் நான் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க மாட்டேன்.

ஜூன் 18

தறியூர் ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. நெசவாளர் ஊர். அதைத் தொட்டுப் போனால் 6 கிலோமீட்டர் கூடுதல், இரண்டு பாலம். விட்டுவிட்டால் நூல் மூட்டைகள் என்றைக்கும் மாட்டுவண்டியில்தான் ஸ்டேஷனுக்கு வரும். சமவெளியில் 6 கிலோமீட்டர் இன்ஜினுக்கு ஒரு பொருட்டே அல்ல. தறியூர் வழியாகவே போகட்டும்.

ஜூன் 21

அடிவாரத்தில் கீழ்வாயில் ஜங்ஷன். போர் காட் அடிவாரத்துக் கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ள பேங்கர் இன்ஜின் சேர்ப்பார்களே, அதுபோல இங்கும் ஒரு ஷெட், தண்ணீர்த் தொட்டி, ஓட்டுநர்கள் தங்க வரிசை வீடுகள். எல்லாவற்றையும் மையால் வரைந்துவிட்டேன். இனி கால அட்டவணை. மேலரண் மெயிலிலிருந்து தொடங்குகிறேன்.