பையோடு வடிந்துபோகும் காவல்

தாராவித் தமிழ்க் குடும்பங்களில் வயிற்று டயாலிசிஸ் (சிறுநீரகம் பழுதானவர்கள் குழாய் வழியாக வயிற்றுக்குள் திரவம் ஏற்றி, கழிவோடு பையில் வடித்தெடுப்பது) செய்துகொள்பவர்கள் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் கேட்பது: "சிஸ்டர், எதிர்ப்புச் சக்திக்கு ஒரு டானிக் எழுதித் தரச் சொல்லுங்க." டானிக் போய்ச் சேரும் இடம் வேறு, காவல் குறையும் இடம் வேறு.

அந்தத் திரவம் தங்கும் வயிற்றுறைக்குள் கிருமியை விழுங்கக் காத்திருப்பவை மேக்ரோஃபேஜ் செல்கள். ஒரு நாளைக்கு 4 முறை, தடவைக்கு 2 லிட்டர் வடிக்கும்போது அந்தச் செல்களும், கிருமிமேல் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் ஐஜிஜி புரதமும் சேர்ந்தே வெளியேறுகின்றன. புதிதாக ஏற்றும் வழக்கமான திரவத்தின் பிஎச் சுமார் 5.5. லாக்டேட் கலந்த அந்தப் புளிப்பில், மிச்சமிருக்கும் செல்லும் சற்று நேரம் மந்தமாகிவிடும். பிஎச் நடுநிலையில் இருக்கும் ஈரறைப் பைகள் (இரு திரவங்களைத் தனித்தனியே வைத்து, ஏற்றும்முன் கலப்பவை) உண்டு. ஆனால் அவற்றால் தொற்று குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

இந்தத் திரவத்தில் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் கிடையாது. எதிர்ப்புச் செல்களுக்கு அது ஒரு முக்கியத் தீனி. லிட்டருக்கு 8 மில்லிமோல் அலனைல்-குளூட்டமின் கலந்து ஆஸ்திரியாவில் சோதித்தபோது, வடித்தெடுத்த செல்கள் தூண்டலுக்குக் கூடுதலாக இன்டர்லியூக்கின்-6 என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்தன. நம்பிக்கை தரும் வழிதான். அதற்காக ஜிம் கடைக் குளூட்டமின் பொடியை வாங்கிக் கரைத்துக் குடிக்க வேண்டாம். அங்கே கலந்தது வயிற்றுக்குள் ஏற்றும் திரவத்தில்.

வீட்டில் செய்யக்கூடியது சோற்றுத் தட்டில் தொடங்குகிறது. தினமும் 5 முதல் 10 கிராம் புரதம் பையோடு போகிறது. 60 கிலோ எடைக்கு 60–72 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான், சாம்பார் சாதத்தை நம்பினால் பாதிகூடத் தேறாது. ரத்த டயாலிசிஸ்காரர் சொன்னார் என்று பழம், இளநீர் எல்லாவற்றையும் நிறுத்துபவர்கள் உண்டு. வயிற்று டயாலிசிஸில் பலருக்குப் பொட்டாசியம் குறைவாகத்தான் இருக்கும். அது குறைந்தால் குடல் சோம்பும், மலம் கட்டும், குடல் கிருமி வயிற்றுறைக்குத் தாவலாம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகே கட்டுப்பாடு.

அடுத்தது இடமும் கையும். பத்துக்குப் பத்து அறையில் மாதம் 120 பைகள், அதாவது 240 லிட்டர், அடுக்க இடமிருக்காது; மழைக்காலத்தில் அட்டைப்பெட்டி தரையீரத்தில் ஊறும், பலகை போட்டு உயர்த்தி வையுங்கள். பையை வெந்நீர் வாளியில் போட்டுச் சூடாக்காதீர்கள், இணைப்பு முனையில் நீர் தங்கும். மாற்றும்போது மின்விசிறி நிற்க வேண்டும், கதவு சாத்த வேண்டும், முகக்கவசம் வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரம் குறைவு என்பதால் மூடிய பாத்திரத்தில் கை கழுவத் தனியாகப் பிடித்து வையுங்கள். மொண்டு ஊற்ற இன்னொருவர் இருக்கட்டும். கழுவியதைவிடத் துடைத்துக் காயவைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஈரக் கையில் கிருமி எளிதில் ஒட்டும், எளிதில் இடம் மாறும். இணைத்ததும் முதலில் கொஞ்சம் திரவத்தை விட்டுக் குழாயைக் கழுவி வெளியேற்றும் ஓட்டம், பிறகே வயிற்றை நிரப்புதல்.

வடித்த திரவம் கலங்கியிருந்தால் அது தொற்றின் அறிகுறி. அந்தக் கலங்கிய பையைக் கழிவறையில் கொட்டிவிட்டு, மெடிக்கலில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வருவதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. 2 மணி நேரமாவது உள்ளே தங்கிய திரவத்தில் மைக்ரோலிட்டருக்கு 100 வெள்ளணுக்களுக்கு மேல், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் வகை என்றால் தொற்று என்றே சிகிச்சை தொடங்கும். மாத்திரை முந்திக்கொண்டால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ஒன்றும் வளராமல் போகலாம், எந்தக் கிருமி என்று தெரியாமலே மருந்து ஏற்ற வேண்டிவரும். பையை மூடி அப்படியே கொண்டுவாருங்கள். 5–10 மில்லி எடுத்து ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் விட்ட பிறகுதான் முதல் டோஸ்.