வீட்டுப் பட்டறைக்கு மின்கருவிகள்: வேலையைப் பார்த்து வாங்குவோம்

வீட்டில் ஒரு மூலையை ஒதுக்கிச் சிறு பட்டறை அமைக்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் கருவி நல்லது என்பதைத்தான். எதை அறுக்கப் போகிறீர்கள், எதில் துளையிடப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இதற்குத் தெளிவான விடை இல்லாமல் வாங்கப்படும் கருவி, பிறகு தனக்குரியதல்லாத வேலைக்கு இழுக்கப்படுகிறது. கையும் கண்ணும் ஆபத்துக்கு உள்ளாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கருவியைத் தேர்ந்தெடுப்பதையும் பாதுகாப்பாகக் கையாள்வதையும் நான் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவதில்லை.

பெரும்பாலானோருக்கு முதல் கருவி ட்ரில்லிங் மெஷின். மரத்தில் துளையிடவும் ஸ்க்ரூ முடுக்கவும் மட்டுமே தேவையென்றால் பேட்டரியில் ஓடும் சிறிய ட்ரில் போதும். அதன் கழுத்தில், முறுக்கும் விசையைக் கட்டுப்படுத்தும் எண்கள் பொறித்த வளையம் ஒன்று இருக்கும். ஸ்க்ரூ முடுக்கும்போது அதைக் குறைந்த எண்ணில் வைத்துத் தொடங்கி, போதாவிட்டால் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். அப்போது ஸ்க்ரூவின் தலை மரத்துக்குள் புதையாது, மணிக்கட்டும் திடீரென முறுக்கப்படாது. கான்கிரீட் என்றால் கதை வேறு. சாதாரண ஹாம்மர் ட்ரில்லுக்குள் பற்கள் கொண்ட இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால்தான் அதிர்வு உண்டாகிறது; எனவே நாம் உடல் பலத்தால் அழுத்தினால்தான் அது வேலை செய்யும். ரோட்டரி ஹாம்மரிலோ ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று உள்ளிருக்கும் சுத்தியலைத் தள்ளுகிறது. பெரிதாக அழுத்தாமலே அது குடைந்து செல்லும். செங்கல் சுவரில் எப்போதாவது ஒரு துளை போடுபவருக்கு முதலாவது போதும். கான்கிரீட்டில் அடிக்கடி துளையிடுபவர் இரண்டாவதை வாங்குவதே நல்லது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் பிட் (துளையிடும் முனை) சிக்கினால் இயந்திரத்தின் உடல் எதிர்த்திசையில் திரும்பிக் கையை முறுக்கிவிடும் என்பதால், பக்கவாட்டுக் கைப்பிடியைப் பெட்டியிலேயே விட்டுவிடக் கூடாது.

பேட்டரிக் கருவிகளின் பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட் கணக்கு பலரைக் குழப்புகிறது. லித்தியம் அயன் செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். முழுதாகச் சார்ஜ் செய்த கணத்தில் அதே பேட்டரி 20 முதல் 21 வோல்ட் வரை காட்டும். ஆகவே 18 என்றும் 20 என்றும் அச்சிட்டிருப்பவை ஒரே வகுப்பைச் சேர்ந்தவைதான். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கி, பேட்டரி சேமிக்கும் மொத்த ஆற்றலைப் பார்ப்பதே சரியான ஒப்பீடு: 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி, அதுவே 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி.

நான் மிகவும் அஞ்சுவதும், அதனாலேயே அதிகம் பேச விரும்புவதும், வேகமாகச் சுழலும் டிஸ்க்கால் வெட்டவும் தேய்க்கவும் உதவும் ஆங்கிள் கிரைண்டரைப் பற்றித்தான். சிறியதாக, எளிதில் கையில் அடங்குவதாக இருப்பதால் இரும்பு, டைல்ஸ், மரம் எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 125 மில்லிமீட்டர் டிஸ்க் ஒன்று நிமிடத்துக்கு 11,000 சுற்றுகள் சுழலும்போது அதன் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 72 மீட்டர், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. சாதாரணக் கட்டிங் வீல் (வெட்டும் டிஸ்க்) தாங்குவதாகக் குறிக்கப்படும் உச்ச வேகம் வினாடிக்கு 80 மீட்டர். இடைவெளி எவ்வளவு குறைவு என்பதைக் கவனியுங்கள். இதே எல்லைக்குள் நிற்க வேண்டுமானால் 180 மில்லிமீட்டர் டிஸ்க் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,500 சுற்றுகளைத் தாண்டக் கூடாது. பெரிய இயந்திரத்தில் தேய்ந்த டிஸ்க்கை, கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிறிய கிரைண்டரில் மாட்டுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கை மாட்டும் முன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் ஒரு மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அது காலாவதியாகும் நாள். பிசினால் பிணைத்த வீல் ஈரத்தாலும் காலத்தாலும் வலுவிழக்கும் என்பதால், தயாரித்ததிலிருந்து மூன்று ஆண்டுகளே அதற்கு ஆயுளாகக் குறிக்கப்படுகிறது. விளிம்பில் சிறு பிளவோ சில்லுபெயர்ந்த தடமோ தெரிந்தால் அந்த டிஸ்க்கைத் தயங்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும். புதிதாக மாட்டியதை யாரும் நிற்காத திசைக்குத் திருப்பி, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்ட பிறகே வேலையில் வைக்க வேண்டும். மெல்லிய கட்டிங் வீலின் பக்கவாட்டில் எதையும் தேய்க்கவே கூடாது. அது வெட்டும் திசையில் மட்டுமே பலமுள்ளது.

பல் வைத்த மர ரம்பத் தகட்டைக் கிரைண்டரில் மாட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஏற்கமாட்டேன். கிரைண்டருக்கு மரத்தின் மேல் படிந்து நிற்கும் அடித்தட்டு கிடையாது. அதன் கவசம் மரம் அறுப்பதற்காக அமைக்கப்பட்டதும் அல்ல. ஒரு பல் மரத்தில் கடித்து நின்ற கணத்தில் இயந்திரம் முழுவதும் பிடித்திருப்பவரை நோக்கி எகிறும். அதைத் தடுக்கும் வேகம் எந்த மனிதக் கைக்கும் இல்லை. மரம் அறுக்க வேண்டுமென்றால் மரம் அறுக்கும் கருவியையே வாங்குங்கள். கிரைண்டர் வாங்குவதாக இருந்தால், கையை எடுத்தவுடன் அணையும் சுவிட்ச் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தள்ளிப் பூட்டும் சுவிட்ச் உள்ளதில், மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது அது தானாக ஓடத் தொடங்காமல் தடுக்கும் அமைப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மரவேலைக்குப் புதியவருக்கு, வளைவாகவும் அறுக்கும் சிறு ரம்பமான ஜிக்சாவையும் மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டரையும் முதலில் சொல்வேன். பலகைகளை நீளமாக, நேராக அறுக்கும் தேவை வந்தபிறகு வட்ட ரம்பம் வாங்கலாம். அதில் தகட்டின் ஆழத்தைப் பலகையின் தடிமனைவிட ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக வையுங்கள். இரண்டு முக்காலிகளின் மேல் பலகையை வைத்து நடுவில் அறுத்தால் பலகை தொய்ந்து, வெட்டிய பிளவு மேலே மூடிக்கொண்டு தகட்டைக் கவ்வும். அப்போதுதான் ரம்பம் பின்னோக்கிப் பாயும். தடித்த தெர்மாகோல் அட்டையைத் தரையில் விரித்து முழுப் பலகையையும் அதன்மேல் கிடத்தி அறுத்தால், கடைசி அங்குலம் வரை இரு துண்டுகளும் அசையாமல் இருக்கும். ரம்பம் பாயக்கூடிய நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். தகட்டை மூடும் கீழ்க்கவசத்தை ஆப்பு வைத்தோ கயிற்றால் கட்டியோ திறந்து வைப்பவரின் அருகில்கூட நிற்க வேண்டாம்.

தகடு, டிஸ்க், பிட் எதை மாற்றுவதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும் அல்லது பேட்டரியைக் கழற்ற வேண்டும். பட்டறைக்கு மின்சாரம் வரும் வழியில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இருப்பது மிக அவசியம். சுருளில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் ஒயரை முழுதும் விரித்த பிறகே பயன்படுத்துங்கள்; சுற்றியபடியே பெரிய மின்சுமையை ஏற்றினால் உள்ளே வெப்பம் தேங்கி உறை உருகிவிடும்.

தளர்ந்த கையுறை, தொங்கும் சட்டைக்கை, கழுத்துத் துண்டு ஆகியவற்றை ட்ரில் ஓடும் இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். நூலிழை ஒன்று பிட்டில் சுற்றினாலே விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கிரைண்டருக்குக் கண்ணாடி மட்டும் போதாது, அதன்மேல் முகக்கவசமும் வேண்டும். காதுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்று வைத்து, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்குவது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடங்களே கிடைக்கும். கிரைண்டரும் வட்ட ரம்பமும் எளிதில் அந்த அளவை எட்டக்கூடியவை.

தூசியை அற்பமாக எண்ண வேண்டாம். மரத்தூசியையும், டைல்ஸ், கான்கிரீட் ஆகியவற்றை அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூசியையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதி செய்யப்பட்ட முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. சாதாரணத் துணி முகமூடி இதற்கு உதவாது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 தரத்திலான முகமூடி முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். டைல்ஸைக் கூடுமானவரை அதற்கென உள்ள நீர்விட்டு அறுக்கும் கருவியிலேயே அறுங்கள். சாதாரணக் கிரைண்டரின் மேல் தண்ணீர் ஊற்றுவது மின்னதிர்ச்சியை வரவழைக்கும். வேலை முடிந்ததும் முகமூடியை உடனே கழற்றாதீர்கள். மிக நுண்ணிய துகள்கள் கண்ணுக்குத் தெரியாமல் வெகுநேரம் காற்றில் மிதக்கும். தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் அவை மறுபடியும் எழும் என்பதால், ஈரத்துணியால் துடைப்பதோ, நுண்வடிகட்டி பொருத்திய வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதோதான் சரியான முறை.