முளை அடிக்க இடம் கொடுங்கள்

பந்தல் கேட்டு எங்கள் கடைக்கு வருபவர்களின் முதல் கேள்வி வாடகை. இரண்டாவது, துணி என்ன நிறம் என்பது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். "முளை எங்கே அடிப்பீர்கள்?" என்று கேட்டவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

கம்பம் துணியைத் தூக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். சாமியானாவைத் தரையோடு பிடித்து வைப்பது இழுப்புக் கயிறும், அதன் மறுமுனையில் மண்ணுக்குள் இறங்கியிருக்கும் இரும்பு முளையும். எங்கள் மேஸ்திரி ஒவ்வொரு முளையையும் அடித்து முடித்ததும் அதன் தலையில் ஓங்கி ஓர் உதை விடுவார். ஆடினால் பிடுங்கி வேறு இடத்தில் அடிப்பார். கல்யாண வீட்டுக்காரர் நேரமாகிறது என்று நச்சரித்தாலும் அந்த உதையை விடமாட்டார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. வீட்டுக்காரர் வாசலில் புதிதாகச் சிமெண்ட் கல் பதித்திருந்தார். "தம்பி, கல்லைப் பெயர்த்துவிடாதீர்கள். ஏதாவது கனமாக வைத்துக் கட்டிவிடுங்கள், மூன்று மணி நேர விசேஷம்தானே" என்றார். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்று சொன்னேன். நான்கு மூலையிலும் ஹாலோ பிளாக் கற்களை மும்மூன்றாக அடுக்கிக் கயிற்றைக் கட்டினோம்.

மாலை ஐந்து மணிக்கு மேற்கே கருத்தது. கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று வருமே, அந்தக் காற்று. மூன்று பக்கமும் மறைப்புத் துணி கட்டியிருந்ததால் உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. கூரை உப்பியது. ஓரத்துக் கம்பத்தின் அடி தரையை விட்டு ஒரு முழம் எழும்புவதைக் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கம்பம் திரும்பி இறங்கியபோது அவருடைய காலுக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி. வெற்றிலைப் பெட்டி நசுங்கிவிட்டது. மேஸ்திரி ஓடிப்போய் அரிவாளால் மறைப்புத் துணியின் கயிறுகளை அறுத்தார். காற்று ஊடே போக வழி கிடைத்ததும் கூரை அடங்கியது.

அன்று இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ எடை தள்ளுகிறது. 20க்கு 20 அடித் துணி என்பது 37 சதுர மீட்டர். ஆக, 600 கிலோவுக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. நான் வைத்திருந்த பன்னிரண்டு கற்களும் சேர்ந்து 250 கிலோ தேறாது. வீட்டுக்காரர் கேட்டார் என்பது சமாதானம் ஆகாது. தொழில் தெரிந்தவன் நான்.

இப்போது முளை அடிக்க முடியாத தரை என்றால், கம்பத்துக்கு ஒரு 200 லிட்டர் டிரம் வைத்துத் தண்ணீர் நிரப்புகிறோம். அழகாக இல்லை என்பார்கள். துணி சுற்றித் தருகிறேன். டிரம்மும் வேண்டாம் என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். காற்று பிடித்துவிட்டால் மறைப்புத் துணிகள் முதலில் இறங்கும், ஆட்கள் வெளியே வருவார்கள், அதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

மழையும் லேசுப்பட்டதல்ல. 10க்கு 10 அடித் துணியில் ஓர் அங்குலம் தண்ணீர் தேங்கினால் 230 கிலோ. அதனால் துணியைத் தொய்வாகக் கட்டக் கூடாது, நடுவில் உயரம் வேண்டும்.

மின்கம்பிக்குக் கீழே பந்தல் போடுவதே இல்லை. இரும்புக் குழாயை நிமிர்த்தும் அந்த ஒரு நிமிடத்தில்தான் உயிர் போகிறது. 2019 ஜூனில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் புயல் காற்றில் பந்தல் சரிந்து, மின்சாரமும் பாய்ந்து, பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செய்தி வந்த அன்றே சீரியல் விளக்கு போடுபவரை அழைத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் டிரிப்பர் இல்லாமல் இனி என் பந்தலில் ஒயர் இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

தீயைப் பற்றித் தஞ்சாவூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1997 ஜூன் 7 அன்று பெரிய கோவில் குடமுழுக்கின்போது பந்தல் பற்றி எரிந்து, தீயிலும் நெரிசலிலும் 48 பேர் இறந்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த வாரமே அப்பா கிடங்கில் இருந்த கீற்றையெல்லாம் விற்றுவிட்டார். எந்தப் பந்தலானாலும் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வழி என்பதும் அவர் வைத்த சட்டம்தான். அந்த வழிகளில் நாற்காலி அடுக்கியிருந்தால், விசேஷம் நடந்துகொண்டிருந்தாலும் நானே போய் எடுத்துவிடுவேன். சமையல் கொட்டகையும் தனியே, தள்ளித்தான் இருக்கும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஒரு காதுகுத்து. வீட்டு வாசலை ஒட்டி டிரான்ஸ்பார்மர் கம்பி போகிறது. பின்பக்கத் தென்னந்தோப்பில் போடலாம் என்றேன். வாசலில் போட்டால்தான் மரியாதை என்கிறார் பெரியவர். தேங்காய் விழும் மரங்களை விட்டு விலகி இடம் இருக்கிறதா என்று நாளைக் காலையில் மேஸ்திரியோடு போய் அளந்துவிட்டு, அவரிடம் இன்னொரு முறை பேசப் போகிறேன்.