வட்டி பாவம்னு சொன்ன மதங்களும் இன்னைக்கு இருக்குற பேங்க்கும்

வட்டியில்லாத பேங்க்னு பேச்செடுத்தாலே பாதி பேர் "அப்புறம் எப்படிங்க அவங்க ஆபீஸ நடத்துவாங்க"ன்னு கேப்பாங்க, மீதி பேர் "பேரை மாத்தி வாங்குறாங்க, அவ்ளோதான்"னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. எனக்கு ரெண்டுமே பத்தல. ஒரு பழைய மத நெறி நவீன நிறுவனத்துக்குள்ள நுழைஞ்சா அதுல எது தங்குது எது கழண்டு போகுதுன்னு பாக்க இத விட நல்ல இடம் எனக்குத் தெரியல. யூத மதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூணுமே வட்டிய தடுத்துச்சு, மூணையும் பின்பத்துற ஜனங்க இன்னைக்கு பேங்க் இல்லாம ஒரு நாள் கூட ஓட்ட முடியாத உலகத்துல இருக்காங்க, நடுவுல என்ன நடந்துச்சுங்கறதுதான் விஷயம்.

முதல்ல ஏன் தடுத்தாங்கன்னு பாக்கணும். அந்தக் காலத்துல கடன் கேட்டு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க தொழில பெருக்க வந்தவங்க இல்ல, வெள்ளாமை பொய்ச்சவன், வீட்ல நோய் வந்தவன், அடுத்த அறுப்பு வரைக்கும் வயித்துக்கு வழி இல்லாதவன். அவன் கையெழுத்து போட்டுட்டா மழை வந்தாலும் வராட்டியும் குடுத்தே ஆகணும், பணம் குடுத்தவனுக்கு ஒரு சேதாரமும் கிடையாது. நஷ்டம் மொத்தமும் ஒரே ஆள் தலையில. குர்ஆன் வியாபாரத்த அனுமதிச்சு ரிபாவ, அதாவது வட்டிய, தடுத்துச்சு, ரெண்டுலயும் லாபம் இருக்கத்தான் செய்யுது, ஆனா வியாபாரம் பண்றவன் கையும் சுடலாம், வட்டிக்கு விடுறவன் கை சுடாது. தடையோட உயிர் இங்கதான் இருக்குன்னு நான் நம்புறேன், மத்ததெல்லாம் இத வச்சுத்தான் அளக்கணும்.

கிறிஸ்தவத்துல 325ல ஆயர்கள் கூடின நைசியா சங்கம் குருமார் வட்டி வாங்கக்கூடாதுன்னு விதி போட்டுச்சு. 1179ல மூணாவது லாத்தரன் சங்கம் இன்னும் கடுமை, வெளிப்படையா வட்டிக்கு விடுறவங்களுக்கு நற்கருணை கிடையாது, செத்தா கிறிஸ்தவ அடக்கமும் கிடையாதுன்னுச்சு. ஆனா தடை போட்டதால ஏழைக்கு கடன் தேவை இல்லாம போயிடுமா? தேவை அப்படியேதான் இருந்துச்சு. 1462ல இத்தாலியில பெரூஜியா நகரத்துல பிரான்சிஸ்கன் துறவிகள் முன்ன நின்னு ஏழைகளுக்காக ஒரு பொது அடகு நிலையம் ஆரம்பிக்க வச்சாங்க, பொருள வச்சுட்டு பணம் வாங்கிக்கலாம், திருப்பும்போது ஆள் கூலி, இடச் செலவு இதுக்காக கொஞ்சம் சேத்து குடுக்கணும். உடனே டொமினிக்கன் துறவிகள் தரப்புல இருந்து இதுவும் வட்டிதானேன்னு பலமான எதிர்ப்பு. சண்டை அம்பது வருஷத்துக்கு மேல ஓடி, 1515ல பத்தாம் லியோ போப்பா இருந்தப்ப அஞ்சாவது லாத்தரன் சங்கம், நடத்துற செலவுக்கு மட்டும் வாங்கினா அது பாவம் இல்லன்னு தீர்த்து வச்சுச்சு.

எனக்கு இந்த அடகு நிலையக் கதை ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அங்க யாரும் எதையும் மறைக்கல. ஆமா, கூடுதலா வாங்குறோம், இதுக்காக வாங்குறோம், இதுக்கு மேல வாங்க மாட்டோம்னு வெளிப்படையா சொன்னாங்க, எதிர்த்தவங்களும் வெளிப்படையா எதிர்த்தாங்க, ஒரு எல்லைக்கோடு போட்டாங்க. அந்தக் கோடு நாளாக ஆக அழிஞ்சு போச்சுங்கறது வேற விஷயம், இன்னைக்கு சர்ச்ல யாரும் ஃபிக்சட் டெபாசிட் போட்டதுக்கு பாவமன்னிப்பு கேக்கறதில்ல, ஏழைய உறிஞ்சுற கொடும வட்டிய பத்தி மட்டும்தான் பேச்சு மிச்சம் இருக்கு.

யூதர்கள் போனது வேற ரூட். அவங்க வேதமான தோரா தன் இனத்து சகோதரன்கிட்ட வட்டி வாங்காதேன்னு சொல்லுது, அதுக்கு மத குருக்களான ரப்பிகள் ஹெட்டர் இஸ்கான்னு ஒரு ஒப்பந்தம் உருவாக்கினாங்க, குடுக்குற பணம் கடன் மட்டும் இல்ல, பாதி முதலீடுன்னு வச்சுக்கறது, வர்றது லாபத்துல பங்கு, லாபம் வரலன்னு சொல்றவன் அத நிரூபிக்கணும், அந்த நிரூபணம் ரொம்பக் கடினமா இருக்கறதால எல்லாருமே பேசி வச்ச தொகையக் குடுத்துட்டு போயிடுவாங்க. இஸ்ரேல் பேங்குகள் தங்களோட எல்லா கணக்குக்கும் பொதுவா இப்படி ஒரு ஒப்பந்தம் வச்சிருக்கு. சட்டத்துக்கு கீழ்ப்படிஞ்ச மாதிரியும் ஆச்சு, பேங்க் ஓடின மாதிரியும் ஆச்சு, ஆனா கடன்காரன் நொடிஞ்சு போறப்ப பேங்க் கூட நிக்குதாங்கற கேள்விக்கு இதுல பதில் தேடினா பெருசா கிடைக்கல.

இஸ்லாமிய பேங்கிங்தான் நம்ம கண்ணு முன்னாடி நடந்துட்டு இருக்குற சோதனை. 1963ல எகிப்துல நைல் டெல்டாவுல மித் கம்ர்னு ஒரு ஊர்ல அஹ்மத் அல்நஜ்ஜார்ங்கறவர் ஒரு சேமிப்பு பேங்க் ஆரம்பிச்சார், ஜெர்மனியில படிச்சவர், அங்க இருந்த ஊர் சேமிப்பு பேங்குகள பாத்து எடுத்துட்டு வந்த யோசனை. மத இயக்கங்கள சந்தேகத்தோட பாத்த அதிபர் நாசரோட ஆட்சிக்காலம், அதனால மதத்த போர்டுல எழுதாம அமைதியா நடத்தினாங்க, சின்ன சின்ன சேமிப்பு, வட்டியில்லா கடன், லாபத்துல பங்கு. சில வருஷத்துலயே அது அரசாங்கத்துக்கு கீழ போயிடுச்சு, ஆனா விதை விழுந்துடுச்சு, 1975ல துபாய் இஸ்லாமிக் பேங்க், 1983ல மலேசியாவுல தனிச் சட்டத்தோட பேங்க் இஸ்லாம்.

இவங்க ஆரம்பத்துல கனவு கண்டது முதாரபா. பணம் என்னுது, உழைப்பு உன்னுது, லாபத்த பேசின விகிதத்துல பிரிச்சுக்கலாம், உன் தப்பு இல்லாம நஷ்டம் வந்தா பணம் போனது எனக்குத்தான், உனக்கு உன் உழைப்பு போச்சு. எவ்ளோ நேர்மையான ஏற்பாடு பாருங்க! ஆனா டெபாசிட் போட்டவருக்கு போட்ட பணம் பத்திரமா வேணும், தொழில் பண்றவர் உண்மையான கணக்க காட்டுவார்ங்கறதுக்கு உத்தரவாதம் இல்ல, கண்காணிக்கிற சென்ட்ரல் பேங்க்குக்கு நிச்சயமான எண்கள் வேணும், இந்த மூணுக்கும் நடுவுல முதாரபா நசுங்கிப் போச்சு. அதோட இடத்துல முராபஹா வந்து உக்காந்துச்சு, அதாவது உங்களுக்கு கார் வேணும்னா பேங்க் அத வாங்கி மேல ஒரு லாபம் வச்சு உங்களுக்கு தவணைக்கு விக்கும்.

மாசத் தவணைய மட்டும் பாத்தா சாதாரண கார் லோனுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது, அதனாலதான் பேரை மாத்தின வட்டின்னு சொல்றாங்க. நான் அவ்ளோ சீக்கிரம் தள்ளிவிட மாட்டேன். ஒரு தடவ விலை பேசிட்டா அது ஏறாது. தவணை தவறினா போடுற அபராதம் பேங்க்கோட வருமானமா போகக்கூடாது, தர்மத்துக்கு போகணும்ங்கறது இந்தத் துறையில பரவலா இருக்குற விதி. கஷ்டத்துல இருக்குறவன் தாமதத்துல பேங்க் சம்பாதிக்கக்கூடாதுங்கறது அந்தப் பழைய தடையோட உயிர்ல ஒரு துண்டு, அது ஒப்பந்தத் தாள்ல இன்னும் துடிச்சுட்டு இருக்கு. நிறுவனமும் நெறிக்காக வளைஞ்சு குடுத்திருக்கு, பிரிட்டன்ல பேங்க் ஒரு தடவ வீட்ட வாங்கி அப்புறம் விக்கும்போது ரெண்டு தடவ முத்திரைத்தீர்வை விழுந்துட்டு இருந்துச்சு, 2003ல சட்டத்த திருத்தி அந்த ரெட்டை வரிய எடுத்தாங்க. அப்ப நெறி மட்டும்தான் எப்பவும் இறங்கிப் போகணும்னு இல்ல.

ஆனா தவர்ருக்ங்கற இன்னொரு ஏற்பாட்டு விஷயத்துல எனக்கு கோபமே வரும். வாடிக்கையாளருக்கு தேவை காசு. பேங்க் ஒரு உலோகத்தயோ பாமாயிலயோ தாள்ல வாங்கி அவருக்கு தவணை விலைக்கு விக்கும், அவர் சார்பா பேங்கே அத உடனே இன்னொருத்தருக்கு ரொக்கத்துக்கு வித்து காச கையில குடுக்கும், அந்தப் பொருள யாரும் கண்ணால கூட பாக்க வேண்டியதில்ல. வியாபாரம்னு சொல்ல எல்லா கையெழுத்தும் இருக்கு, வியாபாரம் மட்டும் இல்ல. 2009ல இஸ்லாமிய சட்ட அறிஞர்கள் இருக்குற சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி ஷார்ஜாவுல கூடி இந்த மாதிரி ஏற்பாடு பண்ணி நடத்துற தவர்ருக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுச்சு, இருந்தும் நிறைய இடத்துல அது நடந்துட்டேதான் இருக்கு.

இதுக்கு நேர் எதிரா ஒரு சம்பவம் 2007ல. பாகிஸ்தான் மார்க்க அறிஞர் முஃப்தி தகி உஸ்மானி, இஸ்லாமிய நிதிக்கு விதிமுறை வகுக்குற பஹ்ரைன் அமைப்போட ஷரியா (இஸ்லாமிய சட்டம்) போர்டு தலைவரா இருந்தப்பவே, சந்தையில இருக்குற சுகூக்ல, அதாவது இஸ்லாமிய முறையில விடுற முதலீட்டுப் பத்திரங்கள்ல, பெரும்பாலானது ஷரியாவுக்கு ஒத்து வரலன்னு வெளிப்படையா சொன்னார். காரணம் என்ன தெரியுமா, போட்ட முதல் அப்படியே திரும்ப வரும்னு முன்கூட்டியே வாக்கு குடுக்குறாங்க, அப்ப நஷ்டத்துல பங்கு எங்க? அதே பழைய கேள்வி! வெளிய இருந்து ஒரு விமர்சகர் இத சொல்லியிருந்தா ஒரு நாள் செய்தி, ஆனா சொன்னவர் உள்ள உக்காந்திருந்தவர், அடுத்த வருஷமே அந்த அமைப்பு சுகூக் பத்தி புது வழிகாட்டுதல் வெளியிட வேண்டியதாச்சு.

அதனால ஒரு பேங்க் நெறிப்படி நடக்குதான்னு என்கிட்ட கேட்டா நான் முதல்ல ஒப்பந்தத்தோட பேர பாக்க மாட்டேன், உள்ள "வேண்டாம்"னு சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கு, அவருக்கு சம்பளம் யார் குடுக்குறாங்கன்னு பாப்பேன். பல நாட்டுல ஷரியா போர்டுல இருக்குற ஆலிம்களுக்கு (மார்க்க அறிஞர்களுக்கு) பணம் குடுக்குறது அதே பேங்க்தான், ஒரே ஆள் பல பேங்க் போர்டுல இருக்குறதும் உண்டு. மலேசியா இதுல முன்னாடியே யோசிச்சிருக்கு, 1997லயே சென்ட்ரல் பேங்க்ல தனி ஷரியா ஆலோசனைக் குழு வச்சு, 2009 சட்டத்துல அந்தக் குழு சொல்றது கோர்ட்டையும் கட்டுப்படுத்தும்னு எழுதிட்டாங்க. அந்தக் குழுவும் தப்பு பண்ணலாம், தவர்ருக் மலேசியாவுல பரவலா ஓடுது. ஆனா ஆலிம் "கூடாது"ன்னா பேங்க் வேற ஆலிமத் தேடிப் போக முடியாத நிலைமையாவது அங்க இருக்கு, மத்த நாடுகளும் முதல்ல இந்த ஒண்ண சரி பண்ணட்டும், முதாரபா திரும்ப வருமாங்கறத அதுக்கு அப்புறம் பேசலாம்.