லிஃப்ட் வேகமானால் கூட்டம் எங்கே போகிறது?

பனிச்சறுக்கு மையத்தில் ஆட்களைக் கேபிளில் தொங்கும் நாற்காலியில் மலைமேல் ஏற்றும், 1,500 மீட்டர் நீளமுள்ள பழைய நால்வர் நாற்காலி லிஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாற்காலி கேபிளில் நிரந்தரமாகப் பிடிக்கப்பட்டிருப்பதால் வினாடிக்கு 2.5 மீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டுவது கடினம். ஏறுபவரின் முழங்காலில் இடிக்கும். ஆறு வினாடிக்கு ஒரு நாற்காலி என்றால் மணிக்கு 2,400 பேர். மேலே போக 10 நிமிடம். அதாவது எந்த நேரத்தில் எண்ணினாலும் 400 பேர் அந்தரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

இதே இடத்தில், ஏறும்போதும் இறங்கும்போதும் கேபிளிலிருந்து கழன்று மெதுவாகும் நவீன நால்வர் லிஃப்டைப் போடுகிறோம். வேகம் வினாடிக்கு 5 மீட்டர். ஆனால் ஆறு வினாடிக்கு ஒரு நாற்காலி என்ற இடைவெளி மாறவில்லை. எனவே மணிக்கு அதே 2,400 பேர்தான். பயணம் 5 நிமிடமாகிறது, அந்தரத்தில் இருப்பவர்கள் 200 ஆகிறார்கள். மீதி 200 பேர் எங்கே? கூட்டமுள்ள நாளில் அவர்கள் கீழே வரிசையில் நிற்கிறார்கள். பயணத்தில் மிச்சமான 5 நிமிடம் காத்திருப்பில் அப்படியே கூடுகிறது. புது லிஃப்ட் வந்த முதல் பருவத்தில் "வரிசை முன்னைவிட நீளமாகிவிட்டதே" என்று வரும் புகார் பெரும்பாலும் உண்மைதான். பழைய லிஃப்ட் ஆட்களை ஏற்றிச் செல்வதோடு அவர்களைப் பத்து நிமிடம் தன்மீது வைத்துக்கொள்ளவும் செய்தது. அந்த இரண்டாவது வேலையைத் திட்டம் போடும்போது எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

நாற்காலியை அறுவர் அமரும்படி மாற்றினால் கணக்கே வேறு. மணிக்கு 3,600 பேர். வரிசை நிச்சயம் குறையும். ஆனால் அந்த 3,600 பேரும் கீழே இறங்கி வர வேண்டும். சராசரியாக ஒருவர் ஆறு நிமிடத்தில் இறங்குகிறார் என்றால், நால்வர் லிஃப்ட் காலத்தில் சரிவில் எப்போதும் 240 பேர். இப்போது 360 பேர். சரிவு 1.5 கிலோமீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், ஆக 6 ஹெக்டேர் என்றால் ஹெக்டேருக்கு 40 பேராக இருந்தது 60 ஆகிவிட்டது. வரிசையில் நிற்பவர் எரிச்சல் அடைவார், அவ்வளவே. சரிவில் நெருக்கியடிப்பவர்கள் மோதிக்கொள்வார்கள். மையங்களைத் திட்டமிடும் எங்கள் வேலையில் இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது.

அதனால்தான் செயற்கைப் பனியைத் தனியாகவும் லிஃப்டைத் தனியாகவும் திட்டமிடுவது தவறு என்கிறோம். லிஃப்ட் எத்தனை பேரை ஏற்றுகிறதோ, அத்தனை பேருக்கு அகலமான பனி வேண்டும். அந்த அகலத்தைத் தருவது நவம்பரிலும் டிசம்பரிலும் வானம் அல்ல, பம்ப் அறை.

பனி தயாரிப்பில் எல்லாவற்றையும் முடிவு செய்வது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது காற்றின் குளிரோடு ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் அளவு. சாதாரண வெப்பமானியை மட்டும் பார்த்து, தண்ணீரைத் தூவிப் பனியாக்கும் பீரங்கியைத் திறப்பவர் தண்ணீரை வீணாக்குவார். காற்று 0 டிகிரியில் இருந்தாலும் ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் ஏறக்குறைய மைனஸ் 4, வேலை தொடங்கலாம். காற்று மைனஸ் 1, ஈரப்பதம் 95 விழுக்காடு என்றால் சேறுதான் விழும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வறண்ட காற்றும் வெர்மான்ட் மாநிலத்து ஈரக் காற்றும் ஒரே வெப்பமானி அளவில் வெவ்வேறு முடிவைத் தருவது இதனால்தான். ஈரக்குமிழ் மைனஸ் 2.5 அளவில் பீரங்கிகளைத் திறக்க முடியும், ஆனால் நீரோட்டத்தை மிகக் குறைவாக வைக்க வேண்டும். குளிர் கூடக் கூட ஒரே பீரங்கி பல மடங்கு நீரைப் பனியாக்கும்.

மேலே சொன்ன 6 ஹெக்டேர் சரிவைத் திறக்க 60 சென்டிமீட்டர் பனி வேண்டும் என்று வைப்போம். 36,000 கன மீட்டர் பனி. செயற்கைப் பனி கனமானது, கன மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ. ஆக 16,000 கன மீட்டர் தண்ணீர், அதாவது 1.6 கோடி லிட்டர். காற்றில் ஆவியாவதும் ஓரத்து மரங்களுக்குள் பறப்பதும் இதற்கு மேல். பத்து பீரங்கிகள் வினாடிக்கு 2 லிட்டர் வீதம் ஓடினால் மணிக்கு 72 கன மீட்டர். ஒன்பது நாளுக்கு மேல் இடைவிடாத குளிர் வேண்டும். நவம்பரில் அப்படி யாருக்கும் கிடைப்பதில்லை. இரவில் எட்டு மணி நேரம், பிறகு வெயில். நாற்பது பீரங்கி ஒரே சமயத்தில் ஓடும் அளவுக்குக் குழாயும் பம்பும் இருந்தால் மொத்தம் இரண்டரை நாள் குளிர் போதும், எட்டு மணி நேர இரவுகளாக எண்ணினால் ஏழு இரவு. பழைய பீரங்கிகளை மாற்றுவதைவிடப் பெரிய குழாய் போடுவது பல மையங்களில் அதிகப் பலன் தரக் காரணம் இந்தக் குறுகிய குளிர்நேரம்தான்.

தவறுகள் சிறியவை, விளைவு பெரியது. பீரங்கியை நிறுத்திய பின் ஹோஸில் தண்ணீர் நின்றால் அது உறைந்துபோகும்; அடுத்த இரவு ஹோஸை மாட்டும் அந்த ஹைட்ரன்ட் குழாய்வாய் பயனற்றது. விடியற்காலையில் குளிர் தளர்ந்தும் நீரோட்டத்தைக் குறைக்காவிட்டால் குவியல் ஈரமாகி, பிறகு பாறைபோல் இறுகும். 'திமிங்கிலம்' என்று நாங்கள் சொல்லும் அந்தப் பெரிய குவியல்களை நீர் வடியும்வரை விட்டுவிட்டுத்தான் பனியைச் சமன்செய்யும் க்ரூமர் வண்டியால் பரப்ப வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் மதியத்துக்குள் பனிக்கட்டித் தரைதான் மிஞ்சும். காற்று திசை மாறிப் பனித்தூறல் லிஃப்ட் பக்கம் போனால் நாற்காலிகளில் பனிக்கட்டி படியும். காலையில் அதைத் தட்டி உதிர்த்து முடிக்கும்வரை லிஃப்ட் திறக்காது. பனி தயார், லிஃப்ட் தயார் இல்லை.

பருவத் தொடக்கத்தில் இந்தச் சிக்கல் முற்றுகிறது. முதலில் திறந்தோம் என்ற பெயருக்காக ஒற்றைச் சரிவில் மட்டும் பனி போட்டு, சுற்றிலும் காய்ந்த புல்லுக்கு நடுவே ஒரு வெள்ளை நாடா விரிப்பார்கள். ஆறு மாதம் காத்திருந்த அத்தனை பேரும் அந்த நாடாவுக்கு வருவார்கள். வெர்மான்ட்டின் கில்லிங்டன் மையத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: கோண்டோலா என்ற மூடிய பெட்டி லிஃப்டில் மேலே போய், இரும்புப் படிக்கட்டு வழியாக நடந்து, குளிர் அதிகமுள்ள உச்சிச் சரிவுகளை அடையலாம். அடிவாரம்வரை பனி தேவைப்படுவதில்லை. கிடைக்கும் தண்ணீரை நீளத்துக்குச் செலவிடாமல் அகலத்துக்குச் செலவிடலாம். அப்படி வசதி இல்லாத இடத்தில், புது லிஃப்டின் நாற்காலிகளில் பாதியைக் கொட்டகையிலேயே நிறுத்திவைத்து ஓட்டுவது நல்லது. பல கோடி செலவில் வாங்கியதை அரைத் திறனில் ஓட்டச் சொன்னால் நிர்வாகம் முகம் சுளிக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காகிதத்தில் உள்ள 3,600 நடைமுறையில் வருவதும் இல்லை. அறுவர் நாற்காலியில் சராசரியாக நான்கு பேர் ஏறினால் கிடைப்பது 2,400தான். தனியாக வருபவர்களுக்கு ஒரு வரிசை, ஏறும் இடத்தில் குழுக்களைச் சேர்த்துவிட இரண்டு பணியாளர்கள் என்று வைத்தாலே ஐந்து பேர் ஏறுவார்கள். மணிக்கு 600 பேர் கூடுதல். மேலே இறங்கும் தளமும் முக்கியம். ஆறு வினாடிக்கு ஆறு பேர் வந்து விழும் இடம் குறுகலாக இருந்தால் ஒருவர் மேல் ஒருவர் தடுக்கி, லிஃப்டை நிறுத்த வேண்டிவரும். ஒரு நிமிட நிறுத்தம் என்பது 60 இருக்கை நஷ்டம். இந்தத் தளத்திலும், லிஃப்ட் வரிசைக்குச் சற்று மேலே எல்லோரும் பிரேக் போடும் இடத்திலும் மற்ற இடத்தைவிடத் தடிமனாகப் பனி போட வேண்டும். அங்கேதான் முதலில் தேய்ந்து மண் தெரியும்.

இந்த வாதம் நகரத் திட்டக்குழுவுக்கே போன சம்பவம் யூட்டாவின் பார்க் சிட்டியில் நடந்தது. சில்வர்லோட் என்ற அறுவர் லிஃப்டை எண்மர் லிஃப்டாக மாற்றவும், ஈகிள் லிஃப்டை அறுவர் லிஃப்டாக மாற்றவும் மையம் திட்டமிட்டது. உள்ளூர்வாசிகள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். மலை ஒரே நேரத்தில் எத்தனை பேரை வசதியாகத் தாங்கும் என்ற கணக்கும், வாகன நிறுத்தமும்தான் விவாதத்தின் மையம். 2022 ஜூனில் நகரத் திட்டக்குழு அனுமதியை ரத்து செய்தது. அந்த லிஃப்டுகள் கனடாவின் விஸ்லர் பிளாக்கோம்புக்குப் போய், 2023-24 பருவத்தில் ஃபிட்ஸிமன்ஸ் லிஃப்டாகவும், 2024-25 பருவத்தில் ஜெர்சி கிரீம் லிஃப்டாகவும் இயங்கத் தொடங்கின. நாற்காலி பெரிதானால் வரிசை குறையும் என்ற மையத்தின் வாதத்தில் தவறில்லை. ஆனால் வரிசை குறைந்த செய்தி பரவினால் அடுத்த வாரம் இன்னும் அதிகம் பேர் வருவார்கள் என்பதும் உண்மை. சாலையும் கார் நிறுத்துமிடமும் அகலமாவதில்லை. ஊர்க்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்றே தோன்றுகிறது. பார்க் சிட்டி பின்னர் அடிவார நிறுத்துமிடத்துக்கு முன்பதிவும் கட்டணமும் கொண்டுவந்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரே காரில் வந்தால் கட்டணம் இல்லை. உச்ச நேரத்தைத் தணிக்க இதுபோன்ற ஏற்பாடு சில சமயம் புது லிஃப்டைவிட வேகமாக வேலை செய்யும்.

புது லிஃப்டைத் திறந்த முதல் சனிக்கிழமை எண்ணும் கருவியோடு அதன் வாசலிலேயே ஆட்களை நிறுத்துவது வழக்கம். அங்கே நல்ல எண்ணிக்கைதான் கிடைக்கும். ஒருவரை மட்டும் அங்கே விட்டுவிட்டு, மற்றவர்களை அது கொண்டுபோய் இறக்கும் இடத்துக்கு அடுத்த லிஃப்டுக்கும், இரண்டு சரிவுகள் சேரும் குறுகலுக்கும் அனுப்புங்கள். பதினொரு மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த கோடையில் குழாய் எந்தப் பக்கம் தோண்ட வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.