லைப்ரரிக்குள்ள எட்டிப் பார்க்காத டீபக்கர்

ஒருவழியா பாக்ஸ்2டி உள்ளே (பொருள்களோட அசைவைக் கணக்குப் போடுற லைப்ரரி அது) பிரேக்பாயிண்ட் நின்னுடுச்சு, அதாவது நான் குறிச்ச வரியில டீபக்கர் புரோகிராமை நிறுத்திடுச்சு. மூணு ராத்திரி போச்சு.

பிரவுசர்ல ஓடுற மாதிரி நான் சி-ல எழுதிட்டு இருக்குற படகு விளையாட்டு இது. கடலூர் துறைமுக முகத்துவாரத்துல அலைக்கு ஆடுற விசைப்படகு. அலை கொஞ்சம் பெருசானா படகு மேல பறந்து போயிடுது. என்னன்னு பார்க்க லைப்ரரிக்குள்ள இறங்கணும். சி-யை பிரவுசருக்கான வாஸ்மா (வெப்அசெம்ப்ளி) மாத்துற எம்ஸ்கிரிப்டன்ல, எல்லாத்தையும் ஒண்ணா லிங்க் பண்றப்ப சோர்ஸ் மேப் கொடுத்தாச்சு (வாஸ்ம் கட்டளை எது, அது என் கோட்ல எந்த வரின்னு சொல்ற ஃபைல்), குரோம்ல என் மூணு ஃபைலும் ஜோரா தெரியுது. லைப்ரரி பக்கம் போனா மட்டும் வெறும் வாஸ்ம் கட்டளைகள்.

மேப் ஃபைலைத் திறந்து 'சோர்சஸ்' பட்டியலைப் பார்த்தேன். என் மூணு ஃபைல் பேரோட முடிஞ்சுது. அப்பதான் உறைச்சுது: கம்பைல் பண்ணினதும் வர்ற ஆப்ஜெக்ட் ஃபைல்ல இருக்குற டுவார்ஃப் விவரத்திலிருந்துதானே (வரி, வேரியபிள் பேரெல்லாம் இருக்குற டீபக் தகவல்) மேப்பே தயாராகுது! பாக்ஸ்2டியை சிமேக்ங்கிற பில்ட் கருவியில ரிலீஸ்னு கட்டி வெச்சிருந்தேன், அதுல டீபக் தகவலைச் சேர்க்கச் சொல்ற மைனஸ் ஜி கொடி கிடையாது. லிங்க் நேரத்துல எந்தக் கொடியை ஆட்டி என்ன, இல்லாதது எங்கேர்ந்து வரும்?

டீபக்னு மாத்திக் கட்டினேன். பேரெல்லாம் வந்துடுச்சு, சொடுக்கினா காலி. இங்கேதான் ரெண்டு ராத்திரி. லிங்க் பண்றப்ப கொடுக்குற சோர்ஸ் மேப் பேஸ்ங்கிற முகவரிதான் கோளாறுன்னு நினைச்சு அதையே குடைஞ்சேன். முகவரியோட முடிவுல ஸ்லாஷ் வெச்சு, எடுத்து, போர்ட் 8000 சேர்த்து... அது மேப் ஃபைல் எங்கே இருக்குன்னு வாஸ்முக்குள்ள எழுதி வைக்கிற முகவரி. அதை மாத்தினதால சர்வர்ல இல்லாத சோர்ஸ் வந்துடப் போறதில்ல.

பாண்டிச்சேரி நண்பன் போன்ல கேட்டான்: "டேய், சர்வர் விண்டோவைப் பாத்தியா?" விளையாட்டை பிரவுசருக்குக் கொடுக்குற பைத்தான் சர்வர் வரிசையா 404 (ஃபைல் இல்லை) துப்பிட்டு இருக்கு. மேப்ல பாதை புள்ளிபுள்ளி ஸ்லாஷ் (ஒரு ஃபோல்டர் மேல போ), மறுபடி புள்ளிபுள்ளி ஸ்லாஷ், அப்புறம் பாக்ஸ்2டி. நான் சர்வரை பில்ட் ஃபோல்டருக்குள்ள நின்னு ஓட்டியிருக்கேன். அந்த ஃபோல்டர்தான் சர்வருக்கு ரூட், அதுக்கு மேல பிரவுசர் ஏறாது. புள்ளியை எல்லாம் முழுங்கிட்டு ரூட்லயே பாக்ஸ்2டியைத் தேடியிருக்கு. ரெண்டு படி மேல போய் சர்வரை ஓட்டினேன், அவ்வளவுதான்.

பாக்ஸ்2டியோட பாடி.சி ஃபைல் உள்ளே விசை கொடுக்குற ஃபங்ஷன்ல நிறுத்தினா, ஒரே ஃபிரேம்ல ரெண்டு தடவை நிக்குது. கால் ஸ்டாக்கைப் (எந்த ஃபங்ஷனை எது கூப்பிட்டுதுங்கிற பட்டியல்) பார்த்தா ரெண்டு இடத்துலேர்ந்தும் கூப்பிட்டது நான்தான்! என் ஃபைல்லயே பிரேக்பாயிண்ட் போட்டிருந்தா முதல் ராத்திரியே தெரிஞ்சிருக்கும். ஒண்ணை எடுத்தேன். இப்ப படகு பறக்கல, முங்குது.

சோர்ஸ் மேப்ல வரி மட்டும்தான் வருது, வேரியபிள் எல்லாம் வார்0, வார்1னு நிக்குது. அடுத்து டுவார்ஃபையே வாஸ்முக்குள்ள வெச்சு, குரோமோட சி++ எக்ஸ்டென்ஷனைப் போட்டுப் பார்க்கணும். ஃபைல் ஊதிப்போகும், என் 8 ஜிபி ரேம் இப்பவே லிங்க் பண்றப்ப மூச்சு வாங்குது. ஞாயித்துக்கிழமை பாண்டி காந்தி வீதி சந்தைக்குப் போறேன், பழைய மானிட்டர் ஏதாவது மாட்டுமான்னு. ஸ்டாக் ஒரு திரையில, படகு ஒரு திரையில ஓடட்டும்.